ஓடையில் கப்பல் போகுமா?

வேலைவெட்டி இல்லாமல் நடப்பவனை எந்த ஊரும் நம்பியதில்லை. தோளில் மண்வெட்டி இருந்தால் உழவன். தலையில் மூட்டை இருந்தால் வியாபாரி. முன்னால் நாய்கள் ஓடினால் பண்ணையார், வேட்டைக்குப் போகிறார். இவை ஒன்றுமே இல்லாமல், ஊர் அடங்கிய பிறகு குன்றின்மேல் ஏறி நிலாவைப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறவனை என்ன கணக்கில் சேர்ப்பது? 1797-இல் இங்கிலாந்தின் சாமர்செட் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் இருந்தது: பிரெஞ்சு உளவாளி.

இடம் குவாண்டாக் குன்றுகள். மலை என்று சொன்னால் மற்ற மலைகள் கோபித்துக்கொள்ளும். ஆக உயர்ந்த முகடே 384 மீட்டர்தான். ஆனால் சரிவுகளில் இருக்கிற காட்டுக்கு வயசு அதிகம். கூன் விழுந்த ஓக் மரங்கள், அடி முதல் நுனி வரை பாசி, நடுவில் சலசலவென்று ஓடைகள். இங்கிலாந்துக்காரர்களின் கணக்குப்படி 1600-இலிருந்து விடாமல் காடாகவே இருந்துவந்தால் அது பழங்காடு. பழங்காடு என்றதும் மனிதக் கால் படாத இடம் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கால் என்ன, கோடரியே பட்ட இடம். அடியோடு வெட்டுவார்கள், அது நாலைந்து கிளையாகத் துளிர்க்கும், கொஞ்ச வருஷம் கழித்து மறுபடி வெட்டுவார்கள். கட்டை கரி மூட்டம் போட, பட்டை தோல் பதனிட. ஆக, அந்தக் காட்டில் நடந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. கவிஞர்கள் வந்து சேரும் வரைக்கும்.

முதலில் வந்தவர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ். 1796-இன் கடைசி நாளில் மனைவி, கைக்குழந்தை சகிதம் நெதர் ஸ்டோவி என்ற சிற்றூரில் எலிகள் ஏற்கெனவே குடியிருந்த ஒரு வீட்டுக்குக் குடிவந்தார். வயது 24. அதற்குள் கல்லூரியிலிருந்து ஓடிப்போய், பொய்ப்பெயரில் குதிரைப்படையில் சேர்ந்து, குதிரைமேல் உட்கார வராமல், கடைசியில் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று பட்டாளமே கையெழுத்துப் போட்டு அனுப்பிய அனுபவசாலி. அவருக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர் தாமஸ் பூல், தோல் பதனிடும் தொழிலதிபர். அந்தக் காலத்தில் தோல் பதனிட ஓக் பட்டைதான் வேண்டும். ஆங்கிலக் கவிதையின் மறுமலர்ச்சிக்கு மரப்பட்டை செய்த உதவியை இலக்கியப் பேராசிரியர்கள் கண்டுகொள்வதே இல்லை.

அடுத்த ஜூனில் கோல்ரிட்ஜ் நாற்பது மைல் நடந்து வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் வீட்டுக்குப் போனார். கடைசித் துண்டுக்குப் பாதையைச் சுற்றப் பொறுமை இல்லாமல் வேலிக்கதவைத் தாண்டிக் குதித்து, வயலுக்குள் புகுந்து ஓடினாராம். இப்படி வருகிற விருந்தாளியை யாரால் தட்ட முடியும்? ஜூலையில் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டாரத்தியும் மூட்டை கட்டிக்கொண்டு குவாண்டாக் அடிவாரத்துக்கே வந்துவிட்டார்கள். ஆல்ஃபாக்ஸ்டன் என்ற மாளிகை, வருஷத்துக்கு 23 பவுண்டு வாடகை. அந்தச் சமயம் பார்த்து கோல்ரிட்ஜின் மனைவி சாரா கொதிக்கிற பாலை அவர் காலில் கொட்டிவிட்டார். கைதவறி நடந்தது என்று கோல்ரிட்ஜே கடிதம் எழுதியிருக்கிறார். அவரே நம்பும்போது நமக்கென்ன. நண்பர்கள் எல்லாம் காட்டுக்குப் போய்விட, பூலின் தோட்டத்துப் பந்தலில் தனியாக உட்கார்ந்து அந்தப் புலம்பலையே ஒரு நல்ல கவிதையாக்கினார்.

கால் ஆறியதும் நடை மறுபடி தொடங்கியது. இருவரும் நடந்த விதத்தை அடுத்த ஆண்டு வந்த ஹேஸ்லிட் என்ற இளைஞர் கவனித்து எழுதிவைத்திருக்கிறார். கோல்ரிட்ஜுக்கு நேர்கோட்டில் நடக்க வராது. பேச்சு போகிற பக்கமெல்லாம் காலும் போகும், பாதையின் இந்த ஓரம், அந்த ஓரம். புதரை விலக்கி மேடுபள்ளத்தில் இடறிக்கொண்டு போனால்தான் அவருக்குக் கவிதை வரும். வேர்ட்ஸ்வொர்த்துக்கோ நேரான சரளைப்பாதை வேண்டும், மேலும் கீழும், மேலும் கீழும். இந்த ஜோடி கையில் குறிப்பேடும் மடக்கு நாற்காலியுமாக ராப்பகலாகக் காட்டைச் சுற்றினால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

ஊரையும் குறை சொல்ல முடியாது. அந்த 1797 பிப்ரவரியில்தான் கடலுக்கு அக்கரையில், வேல்ஸின் ஃபிஷ்கார்டு அருகே, சுமார் 1,400 பிரெஞ்சுப் படையினர் நிஜமாகவே கரையிறங்கினார்கள். தளபதி ஓர் அமெரிக்கர். படையோ கையில் கிடைத்த சாராயத்தை முதலில் கைப்பற்றியது. இரண்டொரு நாளில் சரணடைந்தது. ஜெமைமா நிக்கலஸ் என்ற பெண் வைக்கோல் கவையோடு போய்ப் பன்னிரண்டு பேரைத் தனியாளாக மடக்கி வந்தார் என்று அந்த ஊரில் கதை உண்டு. படையெடுப்பு கேலிக்கூத்தாக முடிந்தாலும் பயம் மட்டும் கரையிலேயே தங்கிவிட்டது.

பிறகு நடந்ததை அரசாங்கக் கோப்பிலேயே பார்க்கலாம். ஆல்ஃபாக்ஸ்டனில் முன்பு வேலை பார்த்த சார்லஸ் மாக், பாத் நகரத்து டாக்டர் லைசன்ஸ் வீட்டுச் சமையல்காரியிடம் வாயை விட்டார். சமையல்காரி டாக்டரிடம் சொன்னார். டாக்டர் பேனாவை எடுத்து உள்துறை அமைச்சர் போர்ட்லாண்ட் கோமகனுக்கு எழுதினார். ஒரு முறை போதாதென்று ஆகஸ்ட் 8, 11 என இரண்டு முறை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவது நமக்குத் தெரியும். இங்கே கட்டெறும்பு லண்டன் போய்ச் சேர்வதற்குள் கழுதையாகிவிட்டது. மூன்று ஒற்றர் சொல் ஒத்துப்போனால் நம்பலாம் என்று வள்ளுவர் ஒற்றாடலில் வழி சொல்கிறார். இங்கேயும் மூன்று பேர் சொல் ஒத்துத்தான் இருந்தது. மூன்றும் மாக்கின் ஒரே வாயிலிருந்து வந்தவை என்பதுதான் சங்கடம்.

குற்றப்பட்டியலைப் படித்தால் இன்றைக்கும் கதிகலங்கும். வீட்டில் மனைவி இல்லை. தங்கை என்று ஒருத்தி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, கர்த்தருடைய நாளில், துணி துவைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் நிலத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து எதையோ எழுதுகிறார்கள். எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது ஒன்று. ஆல்ஃபாக்ஸ்டன் அருகே குடியிருந்த கிறிஸ்டஃபர் ட்ரிக்கி என்பவரிடம் வந்து, இந்த ஓடையில் கடல் வரைக்கும் கப்பல் போகுமா என்று கேட்டிருக்கிறார்கள். போகாது என்று சொன்ன பிறகும் ஓடையோடேயே நடந்து கடல் வரைக்கும் பார்த்துவிட்டு வந்தார்களாம்.

அந்த ஓடையில் காகிதக் கப்பல் விட்டால்கூட முதல் கல்லிலேயே தட்டி நிற்கும். விஷயம் இவ்வளவுதான்: ஓர் ஓடை ஊற்றிலிருந்து கடல் சேரும் வரை அதன் கூடவே போகிற நெடுங்கவிதை ஒன்றை எழுதக் கோல்ரிட்ஜ் திட்டம் போட்டிருந்தார். திட்டம் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கவிதையை எழுதவே இல்லை. ஓடையைப் பற்றி உருப்படியாக எழுதி முடித்தது உள்துறைதான்.

நெருப்புக்கு நெய்யாக ஜான் தெல்வால் வேறு வந்து சேர்ந்தார். 1794-இல் ராஜத்துரோக வழக்கில் சிக்கி விடுதலையானவர். மேடையேறினால் அமைச்சரவைக்குத் தூக்கம் போகும். ஆல்ஃபாக்ஸ்டனில் பதினான்கு பேர் சாப்பிட்ட விருந்தில் இந்த மனிதர் எழுந்து ஆவேசமாகப் பேசத் தொடங்க, பரிமாறிக்கொண்டிருந்த ஆள் அரண்டுபோனார். வெள்ளைத் தொப்பி, கண்ணாடி, ஒட்ட வெட்டிய கருமுடி, குள்ளமாகக் குண்டாக ஒரு ஆள் என்று அங்க அடையாளமெல்லாம் கோப்பில் பதிவாகியிருக்கிறது. என்ன பேசினார் என்பதைவிடத் தொப்பி தெளிவாக இருக்கிறது.

லண்டன் அனுப்பிய ஒற்றர் பெயர் ஜேம்ஸ் வால்ஷ். கைச்செலவுக்கு 20 பவுண்டு. மாளிகையின் வருஷ வாடகையையே 23 பவுண்டுக்குப் பேசி முடித்திருந்தவர்கள் இதைக் கேட்டிருந்தால் தாங்களே வேவு பார்த்துச் சொல்லியிருப்பார்கள். வால்ஷ் முதலில் ஹங்கர்ஃபோர்டில் மாக்கைப் பிடித்து விசாரித்தார். பிறகு ஆகஸ்ட் 15-இல் நெதர் ஸ்டோவி வந்து குளோப் என்ற விடுதியில் இறங்கினார். காட்டுக்குள் ஒளிவது, மரமேறுவது போன்ற வீண் சிரமம் எதற்கு? விடுதியில் உட்கார்ந்தால் ஊர்க்கதை தானாக மேசைக்கு வருகிறது. ஒரே நாளில் தெளிவு பிறந்தது. இவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்ல. அதைவிட மோசம், அதிருப்தியில் திரியும் இங்கிலாந்துக்காரர்கள்.

இருபது வருஷம் கழித்துக் கோல்ரிட்ஜ் இதைத் தன் நூலில் சொன்னபோது கதைக்குச் சதை வைத்தது. ஒற்றருக்குப் பெரிய மூக்கு முளைத்தது. கடற்கரை மேட்டுக்குப் பின்னால் மணிக்கணக்காக ஒளிந்து கேட்டாராம். கவிஞர்கள் ஸ்பினோசா என்ற தத்துவஞானியைப் பற்றிப் பேச, ஒற்றர் காதில் அது ‘ஸ்பை நோசி’ என்று விழுந்ததாம், அதாவது ஒற்று மூக்கன். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நடுங்கிப்போனாராம். ஆராய்ச்சியாளர்கள் இதை நம்புவதில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை, ஆனால் விட மனசில்லை.

வீட்டுக்காரர்கள் குத்தகையைப் புதுப்பிக்கவில்லை. 1798 நடுவில் அண்ணனும் தங்கையும் வெளியேறினார்கள். அதற்குள் கோல்ரிட்ஜையும் சேர்த்து மூவருமாகக் கடற்கரையோரம் ஒரு நடைப்பயணம் கிளம்பி, வழிச்செலவுக்குக் காசில்லாமல், ஒரு பாட்டு எழுதிப் பத்திரிகைக்கு ஐந்து பவுண்டுக்கு விற்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். அந்தப் பாட்டுதான் ஆல்பட்ராஸ் பறவையைக் கொன்ற கிழ மாலுமியின் கதையாக நீண்டு உலகப் பள்ளிக்கூடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. ஓடையைக் காட்டிக்கொடுத்த ட்ரிக்கியும் தப்பவில்லை. வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையில் வரும் கிழ வேட்டைக்காரன் சைமன் லீ அவர்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1956-இல் இங்கிலாந்தில் ‘தலைசிறந்த இயற்கை எழில் பகுதி’ என்று அறிவிக்கப்பட்ட முதல் நிலப்பகுதி குவாண்டாக். நெதர் ஸ்டோவியிலிருந்து காடும் குன்றுமாக லின்மவுத் வரை 51 மைலுக்குக் ‘கோல்ரிட்ஜ் வழி’ என்று நடைபாதை போட்டு, கம்பத்துக்குக் கம்பம் இறகுப்பேனா படம் பொறித்திருக்கிறார்கள். வால்ஷின் கோப்பில் உள்ள அத்தனை குற்றங்களையும் அந்தப் பாதையில் இப்போது தாராளமாகச் செய்யலாம்: மடக்கு நாற்காலி, குறிப்பேடு, இரவு நடை, தங்கை, ஞாயிற்றுக்கிழமைத் துவையல் உட்பட. ஓடையில் மட்டும் இன்னும் கப்பல் போகாது. கோப்பு யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்கள் குறித்துக்கொள்ளலாம்.