பயிற்சியாளர் தேவை

தோற்றுக்கொண்டிருக்கும் கால்பந்துக் கிளப்புக்குத் தலைமைப் பயிற்சியாளர் தேடும் படலம், இருப்பவருக்குப் ‘பரஸ்பர சம்மதத்துடன்’ விடைகொடுப்பதில் தொடங்கும். சம்மதம் பெரும்பாலும் புள்ளிப்பட்டியலுடையது. சென்னையின் எஃப்சிக்கு ஜான் கிரிகரி 2017-18இல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பை வென்றுகொடுத்தார். அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள், கடைசி இடம். அவருக்குப் பதிலாக 2019 டிசம்பரில் வந்த ஓவன் கோய்ல், தடுமாறிய அணியை இறுதிப்போட்டிவரை இழுத்துப்போனார். உடனே ஜாம்ஷெட்பூர் அணி அவரைக் கொத்திக்கொண்டு போனது. பிறகு ஹங்கேரி, மாண்டினீக்ரோ, ஜெர்மனி என்று ஐரோப்பிய வரைபடமே புரட்டப்பட்டது. வந்த மூவரில் எவரும் இரண்டாம் பருவம் காணவில்லை. 2023இல் மறுபடியும் கோய்ல். 2024-25இல் 13 அணிகளில் 11ஆம் இடம், மறுபடியும் விடை.

ஆளை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கொடைக்கானல் மேல்மலையிலுள்ள மன்னவனூர் செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் கிடா தேர்வென்றால் எடை, கம்பளி என்று பதிவேட்டைப் புரட்டுவார்கள். கால்பந்தில் பெயர் முந்திக்கொள்கிறது. 2025இல் இந்திய அணிப் பயிற்சியாளர் பதவிக்கு வந்த 170 விண்ணப்பங்களில் உலகப்புகழ் பயிற்சியாளர்கள் குவார்டியோலா, ஷாவி பெயர்களும் இருந்தன. ஷாவிக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது என்று செய்தியும் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டும் போலி மின்னஞ்சல் என்றது இந்தியக் கால்பந்துச் சம்மேளனம். வேலை காலித் ஜமீலுக்குப் போனது.

அதே ஆண்டு சென்னையின் எஃப்சி கோவாவின் கிளிஃபோர்ட் மிராண்டாவை நியமித்தது. பயிற்சியாளர் தயார். லீக்தான் தயாராக இல்லை: சம்மேளனத்துக்கும் போட்டி நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்த இழுபறியில் பருவம் 2026 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது.