இருபதடி ஹலோ

எங்கள் பெரியப்பா போனில் பேசினால், எதிர்முனையில் இருப்பவருக்குப் போனே தேவையில்லை. டிரங்க் கால் காலத்துப் பழக்கம். டெல்லிக்குப் பேசுவதென்றால் டெல்லி வரை கேட்கிற மாதிரிதானே கத்த வேண்டும் என்பது அவர் நியாயம். செல்போன் வந்தும் குரல் இறங்கவில்லை. அவர் "ஹலோ!" என்றால் தெருமுனை டீக்கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

"மெதுவாப் பேசுங்க பெரியப்பா, கேக்கும்."

"உனக்குக் கேக்கும். அவனுக்கு?"

அவர் பக்கம் சரித்திரமே இருக்கிறது. 1877 ஆகஸ்ட் 15 அன்று எடிசன், பிட்ஸ்பர்க் தந்தி நிறுவனம் ஒன்றின் தலைவரான டேவிட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். வேறெங்கோ வேலையாக இருப்பவரைத் தொலைபேசிப் பக்கம் வரவழைப்பது எப்படி என்பது அன்றைய பெரிய கவலை. மணியெல்லாம் வேண்டாம், 'ஹலோ' என்று கத்தினால் பத்து இருபது அடி வரை கேட்கும் என்றார் எடிசன். இதைச் சொன்னவருக்குச் சின்ன வயதிலிருந்தே காது மந்தம். அந்த இருபதடியில் கொஞ்சம் தள்ளுபடி கேட்கலாம்.

ஆக, ஹலோ நலம் விசாரிக்க வந்த சொல்லே இல்லை. காலிங் பெல்லுக்குப் பதிலாக வேலைக்குச் சேர்ந்தது. இதன் பங்காளியான 'ஹாலூ' செய்த வேலை இன்னும் மோசம்: வேட்டை நாய்களை உசுப்பிவிடுவது. கிரகாம் பெல்லுக்கு ஹலோ பிடிக்கவில்லை; கப்பல்காரர்கள் கூப்பிடும் 'அஹாய்'தான் அவர் சிபாரிசு. நல்லவேளை, எடுபடவில்லை. பெரியப்பா வாயில் 'அஹாய்' என்றால் தெருவே வெளியே ஓடி வந்திருக்கும்.

எடிசனின் கடிதத்தை ஆலன் கோனிக்ஸ்பர்க் என்ற ஆய்வாளர் பழைய கோப்புகளிலிருந்து கண்டெடுத்தார். ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு இதை ஏற்கவில்லை. அங்கே ஹலோ என்பது பெல்லின் காதலி. முழுப்பெயர் மார்கரெட் ஹலோ. காதலியை மறந்தாலும் அவள் பெயரை உலகம் மறக்கவில்லை என்று ரோஜாப்பூ படத்தோடு வரும். பெல் மணந்தது மேபல் ஹப்பர்டை. குழந்தைப் பருவத்திலேயே காது கேட்காமல் போனவர் அவர். 1876 மார்ச் 10 அன்று பெல் முதன்முதலில் தொலைபேசியில் கூப்பிட்டதும் பக்கத்து அறையில் இருந்த உதவியாளர் வாட்சனைத்தான். ரோஜாப்பூவுக்கு அங்கே வேலையே இல்லை.

அமெரிக்காவில் ஹலோ போகப்போக மரியாதை கற்றுக்கொண்டு, முகம் பார்த்துச் சொல்லும் முகமனாகிவிட்டது. நம் ஊரில் அது பிறவிக் குணத்தை விடவில்லை. ரேஷன் கடை வரிசையில் நடுவே நுழைபவரை யாராவது "ஹலோ!" என்று கூப்பிடட்டும். அதில் முகமன் துளியும் இராது. கேட்டவருக்கும் அது தெரியும். "என்ன ஹலோ? ஹலோ கிலோன்னா நடக்கறதே வேற!" என்று சட்டைக் கையை மடிப்பார். திருவிழாவில் மைக்செட்காரர் "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்" என்பதும் யாரையும் நலம் விசாரிக்க அல்ல. எடிசன் சொன்ன வேலையை எடிசன் சொன்னபடியே செய்கிறவர் அவர் ஒருவர்தான்.

ஹலோவை விட்டுவிட்டு 'வணக்கம்' சொல்லிப் போனை எடுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் பாதிப் பேச்சில் சிக்னல் போய்விட்டால் அவர்களும் "ஹலோ? ஹலோ?" என்றுதான் கத்துகிறார்கள். "வணக்கம்? வணக்கம்?" என்று கத்திய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.