ஆகாயம் இல்லாத ஸ்கை

"ஹோட்டல் செலவே கிடையாது அத்தான், வண்டியே வீடு" என்றான் லீட்ஸில் இருக்கும் என் மச்சினன். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவை கேம்பர்வேனில் சுற்றும் யோசனை அவனுடையது. தலையாட்டிய பாவம் என்னுடையது. என் மனைவிக்கு இரண்டிலும் பங்கில்லை என்பதை அவளே பலமுறை சொல்லிவிட்டாள்.

வேனை வாடகைக்குக் கொடுத்தவர் "நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம்" என்றார். படுக்கலாம்தான். நிற்பதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் நின்றால் மற்ற இருவரும் காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். வெயில் நாளில் இது உறைக்காது. எங்களுக்குக் கிடைத்தது மழை நாள்.

தீவுக்குள் பாலம் வழியாகப் போனோம். 1995இல் திறந்த பாலம். முதலில் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள். தீவு மக்கள் விடாமல் போராட, 2004இல் அதை எடுத்துவிட்டார்களாம். மச்சினன் இதைச் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. அந்தப் பயணத்தில் மிச்சமான ஒரே காசு அதுதான்.

முதலில் 'ஓல்டு மேன் ஆஃப் ஸ்டோர்'. சுமார் 50 மீட்டர் உயரத்துக்குத் தன்னந்தனியாக நிற்கும் பாறை. தீவின் படங்களில் எல்லாம் இந்தக் கிழவர்தான். குடை பிடித்து ஏறினோம். முதல் வளைவிலேயே காற்று குடையைத் தாமரைப்பூவாக்கிவிட்டது. இறங்கி வந்த ஒருவர், "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றார். பழனிப் படியிலும் இதே பொய்யைச் சொல்வார்கள். அங்கே மேலே போனால் சாமியாவது தெரியும். இங்கே மேலே போனபோது சுற்றிலும் வெள்ளை. கேலிக் மொழியில் இந்தத் தீவுக்கு 'மூடுபனித் தீவு' என்றே ஒரு பெயர் உண்டென்று மச்சினன் அப்போதுதான் சொன்னான். டிக்கெட் போடும் முன் சொல்லியிருக்கலாம்.

அடுத்து கில்ட் ராக். பக்கத்திலேயே மீல்ட் அருவி, பாறை விளிம்பிலிருந்து நேராகக் கடலில் விழும். அன்று அடித்த காற்றில் பாதி அருவி மேலே திரும்பி வந்து எங்கள் முகத்தில் விழுந்தது. குற்றாலத்தில் இதற்கு வரிசையில் நிற்க வேண்டும்.

குயிராங் மலைப் பக்கம் ஒற்றைத் தடச் சாலை. எதிரே வண்டி வந்தால், அங்கங்கே விட்டிருக்கும் ஒதுங்கும் இடத்தில் ஒருவர் காத்திருக்க வேண்டும். கடந்து போகிறவர் கையை உயர்த்தி நன்றி சொல்வார். மச்சினன் எதிரே வந்த எல்லாருக்கும் வழி விட்டான். நன்றி சொல்லாமல் போனவை செம்மறி ஆடுகள் மட்டும்தான். அவை போகவும் இல்லை, நடுரோட்டில் படுத்திருந்தன.

மத்தியானத்துக்கு மேல் ஒரு கார் பார்க்கில் ஒதுங்கினோம். மழை, கதகதப்பான வேன், கையில் கடலை மாவு. தமிழனுக்கு வேறு என்ன தோன்றும்? வெங்காய பஜ்ஜி இரண்டாவது ஈடு வேகும்போது புகை அலாரம் அலறத் தொடங்கியது. "கதவைத் திறங்க!" என்றாள் மனைவி. திறந்தால் மழை அடுப்பின் மேல். "மூடுங்க!" மூடினால் அலாரம். கடைசியில் மச்சினன் கட்டிலில் ஏறி நின்று அலாரத்துக்குத் துண்டால் விசிறிக்கொண்டே இருக்க, மற்ற பஜ்ஜிகளைச் சுட்டெடுத்தோம். அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலரப் போட்டிருந்த என் சாக்ஸ் இன்றைக்கும் லேசாகப் பெருங்காயம் மணக்கிறது.

ஜூன் மாதம். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. திடீரென்று மழை நின்றது, காற்றும் நின்றது. மேகம் விலகி, கடலுக்கு அந்தப்பக்கம் மலை வரிசை தெரிந்தது. மூவரும் செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினோம்.

காற்று நிற்பதற்காக இன்னொரு கூட்டமும் காத்திருந்திருக்கிறது. மிட்ஜ் என்று பெயர். கொசுவில் கால்வாசிகூட இருக்காது, ஆனால் மேகம்போல் வரும். ஒரு நிமிஷத்தில் காது, இமை, தலை வகிடு எதையும் விடவில்லை. வந்த வேகத்தில் உள்ளே ஓடிக் கதவை இழுத்துச் சாத்தினோம்.

கழுத்தைச் சொறிந்துகொண்டே மனைவி கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, மறுபடி மழை வருமா?"