அசையாமல் செய்தி பார்ப்பது எப்படி?

பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களுக்கு நாளொன்றுக்குப் பத்துச் செய்தி வருகிறது. வருகிற ஒவ்வொன்றுக்கும் அசைந்து கொடுத்தால் மலைக்குப் போய்ப் பேர் போட முடியாது, பிள்ளையைப் படிப்பிக்க முடியாது, இராத் தூக்கமும் கெடும். அதற்காகத்தான் இந்தப் பயிற்சி. உங்களில் பலர் இதில் ஏற்கெனவே கைதேர்ந்தவர்கள். நான் செய்வதெல்லாம் அதை ஒழுங்குபடுத்தித் தருவதுதான். தேவையானவை: ஒரு தொலைக்காட்சி, கண்ணாடி வெடித்த ஒரு போன், கொஞ்சம் ரீலோட்.

1. முன்பின் தெரியாத குரலை நம்புங்கள்

மழை பிடித்துவிட்டதா? ரேடியோவைத் திருகாதீர்கள். 117க்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அது இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம், பதில் சொல்லித் தொலைப்பார்கள். வட்ஸ்அப்பில் யாரோ ஒருவர் மூச்சிரைக்கப் பேசிய குரல் பதிவுக்காகப் பொறுத்திருங்கள். எந்த மலை, எந்தத் திகதி, எந்த நாடு என்று அதில் ஒன்றும் இருக்காது. பாதி கேட்கும்போதே எல்லாக் குழுக்களுக்கும் தட்டிவிடுங்கள். மற்றவரைப் பயப்படுத்தி முடித்தவுடன் நமக்குள் ஒரு நிம்மதி பரவும் பாருங்கள், அது வந்ததும் போர்வையை இழுத்துக்கொள்ளலாம்.

2. நிறத்தை மனப்பாடம் செய்யுங்கள், கணக்கைத் தொடாதீர்கள்

மண்சரிவு எச்சரிக்கையை விடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் மூட்டையைக் கட்டி ஆயத்தமாகு. சிவப்பு என்றால் வெளியேறு. இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் சிவப்புத்தான். இது தெரிந்துவிட்டால், அறிவிப்பு வருமுன்னே நீங்களாகவே முடிவெடுக்கத் தொடங்கிவிடுவீர்கள். கெட்ட பழக்கம்.

பல தோட்டங்களில் ஆபீசுப் பக்கம் ஒரு மழைமானி நிற்கும். கொழுந்துக்கும் உரத்துக்குமாக மழையை அளந்து எழுதுவார்கள். தேயிலைச் செடிக்குத் தெரிந்த அந்த இலக்கத்தை, காலையில் பிரட்டுக்களத்துப் பலகையில் ஆட்களுக்கும் எழுதிப்போடுங்கள் என்று தோட்டத் தலைவரிடம் கேட்டுவிடாதீர்கள். சாக்குக் கட்டிக்கு மேல் செலவில்லாத காரியம் என்பதால், மறுக்கக் காரணம் கிடைக்காமல் பெரிய மனிதர்கள் சங்கடப்படுவார்கள். வாய் அகலமாக வெட்டிய ஒரு போத்தலையும் அடிமட்டத்தையும் வைத்துப் பிள்ளைகளே குத்துமதிப்பாக அளந்துவிடுவார்கள். ஆகவே வெறும் போத்தல்களைக் கண்ட இடத்தில் நசுக்கிவிடுங்கள்.

3. விரிசலுக்குக் காலண்டர் மாட்டுங்கள்

மலை நகரப் போகிறது என்றால் சில அடையாளங்கள் காட்டும். நிலம் வெடிக்கும். சுவரில் கோடு விழும். மரமும் மின்கம்பமும் சாயும். இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பும், இருந்த ஊற்று வற்றும், பீலித் தண்ணி சேறாக வரும். ஒவ்வொன்றுக்கும் வீட்டிலேயே விளக்கம் தயார் செய்து வையுங்கள். கம்பம் சாய்ந்தது மின்சார சபையின் வேலை. தண்ணி கலங்கியது மேல் லயத்தார் மாடு கழுவியதால். காம்பரா கதவு இறுகியது ஈரத்தால். சுவர்க்கோட்டுக்குச் சங்கத்துக் காலண்டர் போதும். கோடு காலண்டரை விட நீளமாகிவிட்டால் அடுத்த சங்கத்திலும் சேர்ந்துகொள்ளுங்கள்.

கனமான பொருள் வேண்டுமென்றால் அதுவும் சிலரிடம் உண்டு. 2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில் ஜனாதிபதி தலைமையில் 2,000க்கும் அதிகமான குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். கிடைத்தவர்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு விரிசலின்மேல் மாட்டலாம். பத்திரத்தில் உள்ள வீடு எழும்பும்வரை, எழும்பி நிற்கும் சுவரைப் பத்திரம் மறைத்துக்கொண்டிருக்கும்.

4. "பாதுகாப்பான இடம்" எங்கே என்று கேட்காதீர்கள்

இந்தப் படிதான் கடினம், நிதானமாகப் படியுங்கள். எல்லாச் செய்தியும் "பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்று முடியும். முகவரி இருக்காது. கேட்டால் கிராம உத்தியோகத்தர் தோட்ட நிர்வாகத்தைக் காட்டுவார், நிர்வாகம் பிரதேச செயலகத்தைக் காட்டும், செயலகம் உங்கள் லயம் இருக்கும் காணி தோட்டத்துக்குரியது என்று சொல்லும். இந்த வட்டத்தை ஒரு தடவை சுற்றி வந்தால் உடற்பயிற்சியும் ஆகிவிடும்.

முன்மாதிரி வேண்டுமா? கொஸ்லந்தை மீரியபெத்தையில் எச்சரிக்கை 2005இலும் வந்தது, 2011இலும் வந்தது. சனங்கள் காது கேளாமல் இருக்கவில்லை. போய் நிற்க ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அதன் பிறகு எல்லாருக்கும் சுறுசுறுப்பு வந்தது. முதல்நாள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள் என்றார்கள், பிறகு எண்ணிக்கை பல மடங்கு இறங்கியது. உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று சொல்ல, கையில் ஒரு சரியான பட்டியல் இல்லாத இடத்தில் வேறென்ன நடக்கும்? உயிர் தப்பியவர்களைத் தேயிலை ஃபெக்டரியில் தங்கவைத்தார்கள். பூனாகலைப் பக்கம் வீடுகள் கட்டிக் கையளிக்க 2016 ஆகிவிட்டது.

ஒன்பது வருசம் எச்சரிக்கை இருந்த இடத்தில் கிடைக்காத நிலம், ஒரு காலையில் மலை சரிந்ததும் கிடைத்தது. பாடம் விளங்குகிறதா? பொறுமை. விளங்காதவர்கள் மட்டும், வெயில் காலத்திலேயே "சிவப்பு வந்தால் எங்கள் லயம் எந்தக் கட்டடத்துக்குப் போகும், சாவி யாரிடம்?" என்று எழுதிக் கேட்டு, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவர்களோடு சேராதீர்கள்.

5. சம்பளச் செய்தியையும் மழைச் செய்தியையும் சேர்த்துக் கூட்டுங்கள்

2025 நவம்பர் 7ஆம் திகதி வரவுசெலவுத் திட்டத்தில் நமக்கு ஒரு நல்ல செய்தி: நாட்சம்பளம் 1,350இலிருந்து 1,550, அதற்கு மேல் வருகைக் கொடுப்பனவு 200, ஆக 1,750 ரூபா. நன்றாக இருக்கிறது, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருபது நாள் கழித்து டித்வா புயல். நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அதிகம் அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று, மலையக ரயில் பாதை பல இடங்களில் மண்ணுக்குள் போனது.

இப்போது கூட்டுங்கள். ஒரு செய்தி "வேலைக்கு வந்தால் 200" என்கிறது. மற்றது "வீட்டை விட்டு ஓடு" என்கிறது. ஓடினால் 1,750 போச்சு. சிவப்பு எச்சரிக்கை நாளுக்குப் பேர் போடுவார்களா என்ற கேள்வியைச் சங்கக் கூட்டத்தில் யாரும் எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தா கட்டுவது கூட்டத்தில் தேத்தண்ணி குடிக்க.

6. எச்சரிக்கை தமிழில் வரும்வரை காத்திருங்கள்

வரும். மழை விட்ட பிறகு, எழுத்துப் பிழையோடு.

7. பள்ளிக்கூடம் பூட்டினால் கைதட்டுங்கள்

மலையில் ஆபத்து என்றதும் முதலில் பூட்டுவது பள்ளிக்கூடத்தை. பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் ரோட்டோரம், கொஞ்சம் சமதரையில் நிற்கும். லயம் சரிவுக்கு அடியில் கிடக்கும். ஆகவே பாதுகாப்புக் கருதி, பிள்ளைகளைச் சமதரையிலிருந்து எடுத்துச் சரிவுக்குக் கீழே வைக்கிறோம். அம்மா மலையில், அப்பா கொழும்பில், பிள்ளையோடு அப்பாயியும் போனும். மீரியபெத்தையில் அன்று காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் உயிரோடு திரும்பினார்கள், வீடுதான் இருக்கவில்லை. இதை நினைவூட்டி, "பாடம் வேண்டாம், மண்டபத்தை மட்டும் திறந்து பிள்ளைகளை வைத்திருங்கள்" என்று அதிபரிடம் கேட்கும் பெற்றோர் இருந்தால் அதிகப்பிரசங்கி என்று பட்டம் கொடுங்கள்.

படிப்புச் செய்திகளை வேறு விதமாகக் கையாள வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி தாண்டிய ஒரு பிள்ளையின் படத்தைச் சந்தியில் பெனராகக் கட்டுங்கள். தாண்டாத முப்பது பிள்ளைகளும் தினமும் அதற்குக் கீழே நடந்து போகட்டும், உற்சாகம் பிறக்கும். 2024இல் அந்தப் பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியேறி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் எல்லாருக்கும் அந்தப் புள்ளிகளைக் கொடுக்கச் சொன்னார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு நீதித்துறை பற்றிய முதல் பாடம், இலவசமாக.

உயர்தரம் எழுதிய பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் கவனம். 2025 பரீட்சை டித்வாவால் நடுவில் நின்று, மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. இடைப்பட்ட நாட்களில், அனுமதி அட்டையை மண்ணுக்குள் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் "எத்தனை ஏ வரும்?" என்று வருகிற போகிற எல்லாரும் கேளுங்கள். முகாமில் ஒரு மூலையும் ஒரு விளக்கும் ஒதுக்கிக் கொடுத்துவிடாதீர்கள், மற்றவர்களுக்குப் பொறாமை வரும்.

8. குளவிக்குச் சுண்ணாம்பு

"குளவி கொட்டிப் பத்துத் தொழிலாளர்கள் வைத்தியசாலையில்." இந்தச் செய்தியை ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டு தோட்டப் பெயரை மட்டும் மாற்றி வருசக்கணக்காகப் போடலாம். பத்திரிகைக்காரர் பிழைப்பில் மண் போடாதீர்கள்: கூட்டைக் கண்டால் கங்காணியிடம் சொல்லாதீர்கள், சொன்னாலும் அந்த மலையை விட்டு வேறு மலையில் கொழுந்து எடுக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். கொட்டினால் சுண்ணாம்பு தடவி, தேத்தண்ணி கொடுத்து, "கொஞ்சம் படு" என்று சொல்லுங்கள். தொண்டை அடைத்து, மூச்சு வாங்கி, தலை சுற்றினால் நிமிடங்களில் உயிர் போகலாம். அப்போதும் டிஸ்பென்சரி திறக்கட்டும் என்று காத்திருங்கள். 1990 என்று ஒரு இலக்கம் உண்டு, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. அந்த இலக்கத்தை மறந்து லொத்தர் இலக்கத்தை ஞாபகம் வையுங்கள். கொழுந்து லொறி இருக்கவே இருக்கிறது, கொழுந்து நிறுத்து முடிந்ததும் வரும்.

9. விழுந்த கல்லோடு பழகுங்கள்

2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய பஸ் பசறையில் 13ஆம் கட்டைக்குப் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்தது. 14 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். ரோட்டில் முன்பே விழுந்த ஒரு பாறை அகற்றப்படாமல் பாதையை ஒடுக்கிக்கொண்டிருந்தது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல–வெல்லவாய ரோட்டில் இன்னொரு பஸ், 15 பேர். உங்கள் ரோட்டில் கல் விழுந்தால் படம் எடுத்துப் பிரதேச சபைக்கும் பொலிசுக்கும் அனுப்பாதீர்கள். அதற்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, பக்கத்தில் ஒரு சூலத்தை நட்டுவிட்டால் சாரதிமார் கும்பிட்டுக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள்.

10. மைக் வரும்போது

கடைசியில் ஒருநாள் செய்தி உங்களையே தேடி வரும். அசையாமல் இருந்ததற்கான பரிசு இது. அழுகையை முதலில் வையுங்கள். பேச்சை முதலில் வைத்தால் வெட்டிவிடுவார்கள், அழுகையை எப்படியும் போடுவார்கள். பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்குச் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள், படம் எடுப்பாக இருக்கும். நிவாரணப் படிவத்தில் "வீட்டு உரிமையாளர்" என்ற கட்டம் வந்தால் பேனையை வாயில் வைத்து யோசியுங்கள். தாத்தா பிறந்த காம்பராதான், ஆனால் கட்டத்தில் எழுத ஒரு பெயர் இல்லை. யாராவது வந்து கோடு போட்டுவிடுவார்.

பிறகு பெரியவர் ஒருவர் வருவார். தோளில் கை போட்டு, "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கம்மா" என்பார். காணி என்று சொல்லாதீர்கள். சொன்னால் குழு போடவேண்டும், அளக்கவேண்டும், கம்பனியோடு பேசவேண்டும், பாவம். பாய் வேணும் ஐயா என்று சொல்லுங்கள். பாய் மறுநாளே லொறியில் வந்து இறங்கும்.