பகடைக்கு ஒரு பத்திரிகை

கேள்வி: மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ‘நான் மந்திரவாதி, நீ திருடன்’ என்று பகடை உருட்டி ஆடும் விளையாட்டுக்குப் போய் மாதப் பத்திரிகையா? மாதாமாதம் என்னதான் எழுதுவார்கள்?

பதில்: முப்பது வருஷத்துக்கு மேல் எழுதித் தள்ளியிருக்கிறார்கள்! ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்ட அமெரிக்க டிஎஸ்ஆர் கம்பெனி 1976-ல் தொடங்கிய ‘டிராகன்’, 359-ஆவது இதழோடு 2007-ல்தான் அச்சை நிறுத்தியது. புது மந்திரம், புது ஆயுதம், கார்ட்டூன் எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது அரக்க ஜந்துக்களின் வாழ்க்கை வரலாறு. குகைக் கூரையில் கல்விழுது போலத் தொங்கி, கீழே போகிறவன் தலையில் பொத்தென்று விழுமாம் ‘பியர்சர்’ என்றொரு பிராணி. குறி தப்பினால்? அரசாங்க ஃபைல் வேகத்தில் ஊர்ந்துபோக வேண்டியதுதான். இல்லாத இந்தப் பிராணிக்கு 1983-ல் விலாவாரியாக ஒரு விலங்கியல் கட்டுரை போட்டார்கள்.

நம் தொழிலும் அங்கே நடந்தது. ‘சேஜ் அட்வைஸ்’ என்ற கேள்வி-பதில் பகுதியை 1979-ல் ஆரம்பித்து வைத்தவர் ஜீன் வெல்ஸ். வந்ததெல்லாம் ஆட்ட விதிகளில் சந்தேகம். ஆட்டத்தில் தோற்றவர்கள்தான் அதிகம் எழுதியிருப்பார்கள் என்பது என் யூகம்.

கடைசி ஐந்து வருஷம் லைசென்ஸ் வாங்கி ‘டிராகனை’ நடத்திய கம்பெனி பேய்ஸோ. லைசென்ஸ் கைவிட்டுப் போனதும் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. 2009-ல் ‘பாத்ஃபைண்டர்’ என்று சொந்த ஆட்டமே கொண்டுவந்து, லைசென்ஸ் கொடுத்தவர்களோடு மல்லுக்கு நின்றது!