ஒத்து ஊதலாமா?

மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்த எங்க ஊர்ப் பையன் ராப்புக்கு மாறிட்டான். இப்போ பெரிய பாடகர் கச்சேரிக்கு முன்னால பாடவும் வாய்ப்பு வந்திருக்கு. 'ஒத்து ஊதப் போயிட்டான்'னு பழைய ரசிகர்கள் பொருமுறாங்களே?
– வாசகர், வண்ணார்பேட்டை

ஒத்து இல்லாமல் அந்தக் காலத்தில் எந்த நாயனத்துக்குச் சுருதி நின்றது?

அந்த ரசிகர்களைப் பாபநாசம் பஸ்ஸில் ஏற்றி, காருகுறிச்சியில் இறக்கிவிடுங்கள். அந்த ஊர் அருணாசலம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு இரண்டாம் நாயனம் வாசித்தவர்தான். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துக்கு வாசித்தார், எஸ். ஜானகியின் குரலும் அவர் நாயனமும் மாறி மாறி மல்லுக்கு நின்றன. கோயில் வாசலும் கல்யாணப் பந்தலும் கேட்ட வாசிப்பைக் கொட்டகையில் தரை டிக்கெட்காரரும் கேட்டார்.

உங்கள் பையன் தாளம் தப்பினால் சொல்லுங்கள், சேர்ந்தே திட்டுவோம்.