உள்ளே இருப்பது பார்ட்டி பொறுப்பு

திருப்பூரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஏதாவது ஒரு லாரி ஷெட்டுக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் டெம்போக்கள் முட்டிக்கொண்டு நிற்கும். எல்லோருக்கும் தலைபோகிற அவசரம். காதில் பேனா செருகி, தோளில் செல்போனை இடுக்கி, எல்.ஆர். எனும் லாரி ரசீதுப் புத்தகத்துக்குள் கார்பன் தாளை நிதானமாகச் சொருகிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மட்டும் அது கிடையாது. அவர்தான் புக்கிங் குமாஸ்தா.

“அண்ணா, பெங்களூருக்கு அஞ்சு பண்டலுங்க. இன்னிக்கு வண்டியில போயிருமுங்களா?”

அவர் நிமிர மாட்டார். “ஈ-வே பில் போட்டாச்சுங்களா?”

மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ஈ-வே பில் கட்டாயம் என்று 2018 ஏப்ரலில் நடைமுறை வந்தது. அதற்கு ஆயுள், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். கொண்டுவந்தது அரசாங்கம், கெத்து என்னவோ இவருக்கு. “பார்ட் ஏ நீங்க போடோணும். வண்டி நெம்பர் போடற பார்ட் பி எங்களுது” என்று அவர் பாகம் பிரிக்கும்போது, பங்காளித் தகராறைத் தீர்த்து வைக்கும் ஊர்ப்பெரியவரின் மிடுக்குத் தெரியும்.

அடுத்து எடை. பார்ட்டி நாற்பது கிலோ என்பார். இவர் பண்டலைக் காலால் ஒரு நெட்டு நெட்டிவிட்டு ஐம்பது என்பார். தராசு நாற்பத்தாறு என்று சமாதானம் பேசும். எல்.ஆரில் ஐம்பது என்று எழுதுவார். தராசுக்கு அங்கே பேச்சுரிமை உண்டு, வாக்குரிமை கிடையாது.

வாடகை ‘பெய்டு’ என்றால் பணம் இங்கே; ‘டு பே’ என்றால் எடுக்கிறவர் தலையில். பனியன், ஜட்டி, நைட்டி, எது வந்தாலும் அவருக்கு அது ‘நக்’. அஞ்சு நக் என்று எண்ணி, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் நம்பர் கிறுக்குவார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார். பார்ட்டி பனியன் என்று சொன்னால் ‘பனியன் இருப்பதாகச் சொல்லப்படுகிறது’ என்கிற அளவில்தான் நம்புவார். அதற்கும் மேலே, ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று ஒரு முத்திரை ‘டப்’பென்று விழும். போகிற போக்கில் “பேக்கிங் லூசு” என்றும் ஒரு வரி எழுதி வைப்பார். பின்னாளில் உதவும்.

அந்தப் பின்னாள், மறுநாள் காலையே வந்துவிடும். ஆள் குறைவான ஷெட்டில், வெளியூரிலிருந்து வந்த சரக்கின் டெலிவரிக்கும் அவரேதான். நாற்காலி அதேதான், நியாயம் மட்டும் மாறியிருக்கும்.

“ஏனுங்க, பெட்டி நசுங்கியிருக்குதே?”

“வந்ததே இப்படித்தானுங்க.”

“ஆறு பெட்டில அஞ்சுதானுங்க இருக்குது?”

“ஒண்ணு பின்னால வண்டில வருதுங்க.”

பின்னால் வரும் அந்த வண்டி எப்போதும் வந்துகொண்டே இருக்கும். அது எங்கே வருகிறது என்று கேட்டால் ஞாபகம் இருக்காது. நீங்கள் சரக்கெடுக்க நாலு நாள் தாமதித்தது மட்டும், டெமரேஜோடு, பைசா பிசகாமல் ஞாபகம் இருக்கும். எல்.ஆர். காப்பியைத் தொலைத்துவிட்டுப் போய் நின்றீர்களோ, தீர்ந்தது. பத்து வருடமாக உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தவர், லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லி, உங்களை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

ஆனாலும் தீபாவளிக்கு முந்தைய வாரம் அவரை ஒருமுறை பார்க்க வேண்டும். குடோன் கூரை வரை மூட்டை. அனுப்பியவர் ஒரு போனில் திட்டுகிறார், எடுக்க வேண்டியவர் இன்னொரு போனில் திட்டுகிறார், லோடுமேன் நேரிலேயே திட்டுகிறார். மூன்றையும் வாங்கிக்கொண்டு, “அந்த மூலைல, அடியிலிருந்து மூணாவது, பச்சைக் கயிறு கட்டினது” என்று கை நீட்டுவார். உருவிப் பார்த்தால் உங்கள் பண்டலேதான் இருக்கும்.

நன்றி பெருக்கெடுத்து, “உடம்பு நல்லாருக்குதுங்களாண்ணா?” என்று கேட்டுவைத்தேன்.

“வெளிய டேமேஜ் ஒண்ணுமில்லீங்க” என்றார். “உள்ள இருக்கறதுக்கு நாம பொறுப்பில்லீங்க.”